ஆல்ப்ஸ் மலைக் கிராமத்தில் ஒரு குடும்பம் எத்தனை மாடு வைத்துக்கொள்ளலாம் என்பதை எது முடிவு செய்கிறது?

பட்டர்வொர்த் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவ மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். மலைப்பகுதி வாழ்க்கை பற்றிய பாடத்துக்கு ஆல்ப்ஸ் மலைத்தொடரை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறோம். பிரான்சிலிருந்து ஸ்லோவேனியா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் வளைந்து கிடக்கும் தொடர், எட்டு நாடுகள், 4,800 மீட்டரைத் தாண்டும் மோன் பிளாங்க் சிகரம் என்று எண்களை அடுக்கிவிட்டுப் பாடநூல் ஒதுங்கிக்கொள்கிறது. கிராம மக்களைப் பற்றி அது சொல்வதெல்லாம் ஒரே வாக்கியம்தான்: கோடையில் மாடுகளை மேலே உள்ள பொது மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிச் செல்வார்கள், இலையுதிர்காலத்தில் கீழே இறக்குவார்கள்.

அந்த வாக்கியத்தைப் படித்த மாணவர் ஒருவர், "மேய்ச்சல் நிலம் ஊருக்குப் பொது என்றால், வசதி படைத்த ஒருவர் நூறு மாடுகளை ஏற்றி எல்லாப் புல்லையும் மேய்த்துவிட மாட்டாரா?" என்று கேட்டார். இன்னொரு மாணவிக்குப் படத்தைப் பார்த்ததும் வேறோர் ஐயம் எழுந்தது. ஆற்றோரத்தில் அகலமான சமதரை இருக்கும்போது, ஊர் மட்டும் ஏன் சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கிறது என்பது அவருடைய கேள்வி. இவ்விரண்டுக்கும் வகுப்பில் நான் சொன்ன பதில் மாணவர்களுக்குப் போதவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை.

என் பங்குக்கும் ஒரு கேள்வி உண்டு. பிள்ளைகள் நேரில் பார்த்திருக்கும் உயரமான மலைப்பகுதி நம் மலேசியாவின் கேமரன் மலை ஒன்றுதான். அதனோடு ஆல்ப்ஸை ஒப்பிட்டுப் பாடம் நடத்துவது பொருந்துமா? விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செந்தூல் வாசகர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவர் கேட்ட கேள்வியைப் பொருளாதார அறிஞர்களே பல ஆண்டுகள் வாதிட்டிருக்கிறார்கள். அதற்கான விடையைக் கோடைகாலப் புல்வெளியில் தேடுவதைவிடக் குளிர்காலத் தொழுவத்தில் தேடினால் விரைவில் கிடைக்கும்.

1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஓர் ஆல்ப்ஸ் கிராமத்தில் மாடு வெளியே மேயக்கூடிய காலம் ஆண்டில் பாதிக்கும் குறைவு. ஏனைய நாள்களில், ஏறக்குறைய இருநூறு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது தொழுவத்திலேயே நிற்கும். அதன் முன்னால் போடப்படும் ஒவ்வொரு பிடிப் புல்லும் முந்தைய கோடையில் யாரோ ஒருவர் நீண்ட பிடி போட்ட அரிவாளால் அறுத்து, வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, மழை பிடிப்பதற்குள் பரணில் ஏற்றியதாக இருக்க வேண்டும். பழங்காலத்துச் சிறிய மலைமாடு நாளைக்குப் பன்னிரண்டு கிலோ உலர்புல் தின்றதாகக் கொண்டாலும், இருநூறு நாளுக்கு 2,400 கிலோ ஆகிறது. மூன்று மாடு வைத்திருக்கும் குடும்பம் ஏழு டன்னுக்கு மேல் புல்லை ஒரே கோடையில் சேர்க்க வேண்டும். அதுவும் வண்டி ஏறாத சரிவில், முதுகிலும் தலையிலும் சுமந்து சேர்க்க வேண்டும்.

அந்தப் புல் வளர்வது ஊரைச் சுற்றியுள்ள, தனித்தனிக் குடும்பங்களுக்குச் சொந்தமான புல்நிலங்களில். ஜூன் மாதத்தில் மாடுகள் அங்கேயே நின்றால், குளிர்காலத்துக்கான தீனியை அப்போதே தின்று தீர்த்துவிடும். ஆகவே மாடுகளை மேலே அனுப்புவதன் முதன்மையான பயன், கீழே உள்ள புல்நிலத்தை மாட்டின் வாயிலிருந்து காப்பாற்றுவதுதான். மேலே புல் சுவையாக இருக்கிறது, காற்று நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் பிறகு வருபவை. பாடநூல்கள் இந்த ஒரு விளக்கத்தைக் கொடுத்துவிட்டால், மற்றவற்றை மாணவர்களே ஊகித்துக்கொள்வார்கள் என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஆதங்கம் உண்டு.

இப்போது நூறு மாட்டுக்காரரிடம் வருவோம். சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் விஸ்ப் பள்ளத்தாக்குச் சரிவில் தோர்பெல் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. அந்த ஊர்மக்கள் 1483-இல் மேய்ச்சல் நிலம், காடு, தரிசு ஆகியவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம் அமைத்து, அதற்கான விதிகளை எழுத்தில் வைத்தார்கள். 1517-ஆம் ஆண்டு ஆவணத்தில் உள்ள விதிதான் உங்கள் மாணவருக்கான விடை: தன்னால் குளிர்காலத்தில் தீனி போட்டுக் காப்பாற்ற முடிந்த மாடுகளுக்கு மேல் எவரும் பொது மேய்ச்சலுக்கு அனுப்பக் கூடாது. இதை மீறுபவருக்குத் தண்டம் விதிக்கும் அதிகாரம் ஊர் அலுவலர் ஒருவருக்கு இருந்தது. தண்டத்தொகையில் பாதி அவருக்கே உரியது என்பதால், அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்க வாய்ப்பில்லை.

இந்த விதியின் நுட்பம் எங்கே இருக்கிறது என்றால், கோடையில் மேலே நின்று மாட்டை எண்ணிச் சண்டை போடுவதற்குப் பதிலாக, குளிர்காலத்தில் ஒருவர் தொழுவத்தில் எத்தனை மாடு நின்றது என்பதையே அளவாகக் கொண்டுவிட்டார்கள். அது ஊருக்கே தெரிந்த செய்தி. யாரும் மறைக்க முடியாது. பணம் வைத்திருப்பவர் மே மாதத்தில் வெளியூரிலிருந்து நூறு மாடு வாங்கி, ஊர்ப் புல்லில் கொழுக்கவைத்து, செப்டம்பரில் விற்றுவிடலாம் என்று திட்டமிட்டால், அவரை இந்த விதி வாசலிலேயே நிறுத்திவிடும். காட்டு மரத்திலும் இதே எச்சரிக்கைதான். ஆண்டுக்கொரு முறை வெட்ட வேண்டிய மரங்களைக் குறியிட்டு, குடும்பங்கள் கூட்டாக வெட்டி, சமமான குவியல்களாக அடுக்கி, எந்தக் குவியல் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். குவியல் அடுக்கும்போது எது தனக்கு வரும் என்று தெரியாதவர், எல்லாவற்றையும் ஒரே அளவாகத்தானே அடுக்குவார்!

மானிடவியலாளர் ராபர்ட் நெட்டிங் இந்த ஊரில் தங்கி ஆராய்ந்தார். அவர் திரட்டியதை அடிப்படைச் சான்றுகளில் ஒன்றாகக் கொண்டு, பொதுச் சொத்து என்றாலே பாழாகும் என்ற கருத்தை எலினார் ஆஸ்ட்ரம் மறுத்தார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவரே.

மாணவியின் ஐயத்துக்கு வருகிறேன். நாம் படத்தில் காணும் சமதரை இன்றைய சமதரை. வாலேயின் நடுவே ஓடும் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடித்தளம் நெடுங்காலம் சதுப்பும் வெள்ளமுமாகக் கிடந்தது. 1863 முதல் 1894 வரை நடந்த முதல் ஆற்றுச் சீரமைப்பில் கரைகள் கட்டப்பட்ட பிறகுதான் அது உறுதியான விளைநிலமாக மாறத் தொடங்கியது. இன்னொரு காரணம் வெயில். கிழக்கு மேற்காகச் செல்லும் ஆழமான பள்ளத்தாக்குகளில் வடக்குப் பார்த்த சரிவு குளிர்காலத்தில் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், கதிரவனையே காணாது. தெற்குப் பார்த்த சரிவில் பனி முன்னதாக உருகிவிடும்; அங்கேதான் தானியம் விளையும், அங்கேதான் ஊர் இருக்கும், எதிர்ச்சரிவில் காடு நிற்கும். ஒரு பள்ளத்தாக்கின் வரைபடத்தைக் கொடுத்து ஊர்களை மட்டும் வண்ணம் தீட்டச் சொன்னால், மாணவர்கள் வடக்குத் திசையைக் கேட்காமலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மலையேறி

செந்தூல் ஐயா புல்லைப் பற்றி எழுதியது முழுக்கச் சரி. அந்தப் புல் வளர்வதற்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தால்தான் வாலே பகுதியின் புவியியல் முழுமையாகும். படிப்புக்காக ஐரோப்பாவில் இருந்த காலத்தில் விடுமுறைகளில் அந்தப் பகுதியில் நடந்திருக்கிறேன். கண்ணால் கண்ட சிலவற்றை எழுதுகிறேன்.

ஆல்ப்ஸ் என்றாலே ஈரம், பசுமை என்றுதான் நம்மூர் நாட்காட்டிப் படங்கள் நமக்குப் பழக்கியிருக்கின்றன. வாலே பகுதியோ வடக்கிலும் தெற்கிலும் 4,000 மீட்டர் உயரச் சிகரங்கள் அணிவகுத்து மழைமேகத்தைத் தடுத்து நிற்கும் மழைமறைவுப் பகுதி. வாலேயின் தலைநகரான சியோனில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 600 மில்லிமீட்டர் அளவுதான். பினாங்கில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு வறண்ட இடம் என்று விளங்கும். சரிவுகளில் கள்ளிச்செடியைக்கூடப் பார்க்கலாம். ஆனால் தலைக்கு மேலே பனியாறுகள் நிற்கின்றன; கோடை வெயில் ஏற ஏற அவை உருகி நீர் தருகின்றன. வெயில் கூடினால் நீரும் கூடும் என்பது மழையை நம்பி வாழும் நமக்கு வியப்பான ஏற்பாடு.

இந்த உருகுநீரைக் கிலோமீட்டர் கணக்கில் மலைச்சரிவை ஒட்டி ஓடும் வாய்க்கால்களில் கொண்டுவந்தார்கள். அவற்றுள் பல இடைக்காலத்தில் வெட்டப்பட்டவை. செங்குத்துப் பாறை குறுக்கிடும் இடங்களில் பாறையில் துளையிட்டு மரக்கட்டைகளைச் செருகி, அவற்றின்மேல் குடைந்த மரத்தொட்டிகளை வரிசையாக வைத்து நீரை ஓட்டினார்கள். கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் பள்ளம். காவலுக்குச் செல்பவர் நடப்பதற்கு ஒற்றைப் பலகை. அத்தகைய வாய்க்கால் ஒன்றின் ஓரத்தில் ஒரு சிறு நீர்ச்சக்கரமும், அது சுழலச் சுழலப் பலகையில் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு மரச் சுத்தியும் இருந்தன. ஒலி கேட்கும்வரை நீர் ஓடுகிறது என்று பொருள். ஒலி நின்றால் எங்கோ கரை உடைந்துவிட்டது, அல்லது பாறை விழுந்து அடைத்துவிட்டது. நள்ளிரவானாலும் காவலர் எழுந்து போக வேண்டும்.

நீரைப் பங்கிடுவது முறை வைத்துத்தான். எந்தக் குடும்பத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதை, குடும்பக் குறி செதுக்கிய மரக்குச்சிகளில் வெட்டுகளாகப் பதிந்து வைத்தார்கள். எழுத்தறியாதவரும் விரலால் தடவிப் பார்த்துத் தன் பங்கை உறுதி செய்துகொள்ளலாம். தஞ்சைப் பக்கம், பாசன நீரைப் பங்கிடும் ஊர் ஊழியரான நீர்க்கட்டியின் பொறுப்பில் மடை திறந்து மூடிய முறையை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. இத்தகைய மரபுப் பாசன முறையை ஐரோப்பிய நாடுகள் சில சேர்ந்து முன்மொழிய, 2023-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பாலாடைக்கட்டியைப் பற்றியும் ஒரு குறிப்பு. கோடையில் மேலே சுரக்கும் பாலை நாள்தோறும் கீழே சுமக்க முடியாது, வைத்திருந்தால் கெட்டுவிடும். ஆகவே மேலேயே பெரிய செம்புக் கொப்பரையில் காய்ச்சி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைச் சேர்த்துத் திரையவைத்து, திரையை அரிசி மணி அளவுக்கு அறுத்து, மீண்டும் 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, துணியில் அள்ளி அழுத்துகிறார்கள். ஏறத்தாழ பத்து லிட்டர் பால் ஒரு கிலோ கட்டியாகச் சுருங்கிவிடுகிறது; அது பல மாதம் கெடாது. கோடையின் புல்லைக் குளிர்காலத்து உணவாக மாற்றும் வழி அது. எஞ்சிய நீர்ப்பாலைப் பன்றிகளுக்கு ஊற்றிவிடுவார்கள். பெர்ன் மாநிலத்து யுஸ்டிஸ் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு செப்டம்பரிலும் கோடை முழுவதும் செய்த கட்டிகளை அடுக்கி, அவரவர் மாடு கறந்த பாலின் அளவுக்கேற்பப் பங்கிடும் நாள் இன்றும் திருவிழாவாக நடக்கிறது.

கூலிம் தோட்டத்துக்காரர்

இருவரும் எழுதியதைப் படித்தேன். செய்திகளில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதைப் படிக்கும் மாணவர்கள், ஆல்ப்ஸ் கிராமம் என்பது எல்லாரும் சமமாகப் பங்கிட்டு இனிதே வாழ்ந்த இடம் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது என்பதற்காக மறுபக்கத்தையும் எழுதுகிறேன்.

தோர்பெல் ஊரின் அதே 1483-ஆம் ஆண்டு விதிகள், வெளியூரார் ஒருவர் அங்கே நிலம் வாங்கினாலும் பொது மேய்ச்சலிலோ காட்டிலோ அவருக்கு உரிமை கிடையாது என்றும் சொல்கின்றன. பொது என்பது ஊரின் பழங்குடும்பங்களுக்கு மட்டுமே பொது. உள்ளூரிலும், உலர்புல் வளர்க்கும் நிலம் யாரிடம் அதிகமோ அவருக்கே மேலே அதிக மாடு. குளிர்கால விதி, இருக்கிற ஏற்றத்தாழ்வைப் பெருகாமல் தடுத்தது, அதை ஒழிக்கவில்லை.

புல் அளவானது என்றால் ஆளும் அளவாகத்தான் இருக்க முடியும். தாமதமாகத் திருமணம் செய்துகொள்வது, சிலர் திருமணமே செய்துகொள்ளாமல் இருப்பது, இளைஞர்கள் ஊரை விட்டுப் போவது ஆகியவற்றால்தான் மக்கள்தொகை நிலத்துக்குள் அடங்கி நின்றது என்று நெட்டிங்கே காட்டியிருக்கிறார். இன்று ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் பிரிந்து கிடக்கும் திரோல் பகுதியில் இது இன்னும் வெளிப்படை. ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா 1770-இல் பிறப்பித்த ஆணை, பண்ணையைத் துண்டு போடுவதைத் தடுத்தது. பண்ணை ஒரே வாரிசுக்கு முழுமையாகப் போகும். உடன்பிறந்தவர்கள் சிறு தொகை பெற்றுக்கொண்டு வெளியேற வேண்டும், அல்லது அண்ணன் வீட்டிலேயே கூலியில்லா வேலையாளாக, திருமணமின்றிக் காலம் கழிக்க வேண்டும். தென் திரோல் இத்தாலியின் கைக்குப் போனபின் 1929-இல் இந்தச் சட்டம் நீக்கப்பட்டது; 1954-இல் மாகாணச் சட்டமாகத் திரும்பி வந்து இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வாலேயிலோ பிள்ளைகள் எல்லாருக்கும் பங்கு. அதன் விளைவாக ஒரே குடும்பத்தின் நிலம் மலை முழுவதும் கைக்குட்டை அளவுத் துண்டுகளாகச் சிதறியது. வீட்டின் ஒரு தளம் ஒருவருக்கு, தானியக்களஞ்சியத்தில் பாதி இன்னொருவருக்கு என்றெல்லாம் பிரிந்தது.

எது நல்ல முறை என்று கேட்டால் எளிதில் சொல்ல முடியாது. ஜான் கோல், எரிக் வுல்ஃப் என்ற இரு ஆய்வாளர்கள் வட இத்தாலியில் நோன் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் அடுத்தடுத்து உள்ள இரண்டு ஊர்களை ஆராய்ந்தார்கள். செருமன் மொழி பேசும் சங்க்ட் ஃபெலிக்ஸில் நிலம் ஒரு வாரிசுக்கே என்பது கொள்கை. ரோமான்சு வகை மொழி பேசும் த்ரெட்டில் எல்லாருக்கும் பங்கு என்பது கொள்கை. கொள்கை எதுவாயினும், ஒரு குடும்பம் பிழைக்க இவ்வளவு நிலம் வேண்டும் என்ற மலையின் கட்டாயத்தால் நடைமுறையில் இரண்டு ஊர்ப் பண்ணைகளும் ஏறக்குறைய ஒரே போக்கில்தான் சென்றன என்று கண்டார்கள்.

வெளியேறியவர்களின் கதை வகுப்பில் சொல்ல வேண்டியது. திரோல், ஃபோரார்ல்பெர்க், கிராபுண்டன் பகுதி ஏழைக் குடும்பங்கள் தம் பிள்ளைகளை வசந்தகாலத்தில் பனிக்கணவாய்கள் வழியே நடத்தி, தென் செருமனியின் சுவாபியப் பகுதிக்கு அனுப்பின. ராவன்ஸ்பர்க் போன்ற ஊர்களில் பிள்ளைகளுக்கென்றே ஆள்பிடிக்கும் சந்தை கூடும். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள்கூட இலையுதிர்காலம்வரை மாடு மேய்த்துவிட்டு, ஒரு சோடி உடையும் சிறிது பணமுமாகத் திரும்புவார்கள். வீட்டில் ஒரு வாய் குறைந்தால் போதும் என்ற நிலை. 1921-இல் அந்தப் பகுதியை ஆண்ட வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் கட்டாயக் கல்வி அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கும் விரிக்கப்பட்ட பிறகே இந்த வழக்கம் ஒடுங்கியது. கங்காணியின் பின்னால் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இத்தாலியின் மைரா பள்ளத்தாக்கில் எல்வா என்ற ஊர் உண்டு. அங்குள்ள ஆண்கள் குளிர்காலத்தில் வட இத்தாலி முழுவதும் சுற்றிப் பெண்களின் தலைமுடியை விலைக்கு வாங்கி, பொய்முடி செய்பவர்களுக்கு விற்றுப் பிழைத்தார்கள். (பத்துமலையில் காணிக்கை முடியைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தச் செய்தியைப் படித்தபோது சிரிப்பு வந்தது.) ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்த ஊரில் இன்று நூறு பேர்கூட இல்லை, தூரின் நகரத்துத் தொழிற்சாலைகள் அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளையே வெறிச்சோட வைத்துவிட்டன.

எங்கள் தோட்டத்திலும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகைகள் இருந்தன. ரப்பர் மரத்தடியில் மேய்த்துக்கொள்ள நிர்வாகம் வாய்மொழியாக அனுமதித்திருந்தது. தோட்டம் கைமாறியதும் அனுமதியும் போயிற்று, மாடுகளும் போயின. வாலே விவசாயியிடம் 1483-ஆம் ஆண்டுத் தாள் ஒன்று இருந்தது. எங்களிடம் எதுவும் இல்லை. பொது மேய்ச்சலைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டையும் மாணவர்களிடம் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் ஆசிரியை

மூவருக்கும் மிக்க நன்றி. தொழுவத்திலிருந்து தொடங்கிப் பாடத்தை நடத்தலாம் என்று முடிவு செய்துவிட்டேன். கூலிம் அண்ணன் எழுதிய பிள்ளைகளின் சந்தையையும் கட்டாயம் சேர்த்துக்கொள்வேன்.

இரண்டு துணைக்கேள்விகள். இன்று லாரியில் தீவனம் வந்து இறங்கும் காலத்தில், அந்தக் குளிர்கால விதிக்கு ஏதேனும் பொருள் இருக்கிறதா? அடுத்து, பனிச்சரிவு. ஊர் சரிவில் இருக்கிறது என்றால் மேலிருந்து பனி சரிந்து விழாதா? வெயில் பக்கம் என்பது மட்டும் ஊரைக் காப்பாற்றிவிடுமா? கேமரன் மலைபற்றிய கேள்வியும் அப்படியே நிற்கிறது.

செந்தூல் வாசகர்

கூலிம் நண்பர் எழுதிய மறுபக்கம் மிகத் தேவையானது. அதை ஏற்றுக்கொண்டே தொடர்கிறேன்.

தீவனத்தை விலைக்கு வாங்கலாம் என்றானதும் பழைய கணக்கு தளர்ந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம், சிக்கலே தலைகீழாகிவிட்டது என்பதுதான். அன்று மேலே மாடு மிகுந்துவிடுமோ என்று அஞ்சினார்கள். இன்று மேலே ஏற்ற மாடும் மேய்க்க ஆளும் போதவில்லை. மேய்ச்சல் நின்ற சரிவுகளில் முதலில் புதர், பிறகு ஊசியிலை மரங்கள் என்று காடு திரும்பிவிடுகிறது. நாம் படங்களில் காணும் அந்தத் திறந்த புல்வெளியில் பெரும்பகுதி மனிதர் காட்டை அழித்து உருவாக்கி, மாடுகளின் வாயால் காத்துவந்தது.

ஆகவே அரசுகள் பணம் கொடுத்து மேய்க்கச் சொல்கின்றன. ஐரோப்பியச் சமூகம் 1975-இலேயே மலைப்பகுதி விவசாயத்துக்குத் தனி உதவித்திட்டம் கொண்டுவந்தது. சுவிட்சர்லாந்தில் 1996-இல் மக்கள் வாக்களித்து, உணவு விளைவிப்பதோடு நிலத்தோற்றத்தைப் பேணுவதும் மக்கள் நாடெங்கும் பரவி வாழ்வதும் விவசாயத்தின் பணிகளே என்று அரசியலமைப்பில் எழுதிக்கொண்டார்கள். கோடை மேய்ச்சலுக்கான உதவித்தொகையை அவர்கள் கணக்கிடும் முறைதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. ஒவ்வொரு மேய்ச்சல் நிலத்துக்கும் அது தாங்கக்கூடிய வழக்கமான கால்நடை அளவு என்று ஒன்றை வரையறுத்திருக்கிறார்கள். அதைவிட மிகுதியாக ஏற்றினாலும் பணம் குறையும், மிகக் குறைவாக ஏற்றினாலும் குறையும். 1517-இல் மேல்வரம்பு மட்டும் இருந்தது, இன்று கீழ்வரம்பும் சேர்ந்துவிட்டது. இருந்தும் மாட்டை மட்டும் நம்பி வாழும் குடும்பங்கள் குறைவு. குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளத்தில் வேலை, வீட்டில் இரண்டு அறை விருந்தினருக்கு வாடகை என்று பலவற்றைச் சேர்த்தே நடத்துகிறார்கள்.

பனிச்சரிவு குறித்து: வெயில் பக்கம் ஊரைக் காப்பாற்றாது, காடுதான் காப்பாற்றும். சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் ஊருக்கு மேலே சரிவில் முக்கோண வடிவில் ஒரு சிறு காடு நிற்கிறது. சுற்றியுள்ள மலைகளில் காடே இல்லாதபோது அது மட்டும் நிற்பதற்குக் காரணம், அதில் மரம் வெட்டக் கூடாது என்று ஊரார் 1397-இல் எழுதி வைத்த தடை. விறகில்லாமல் நடுங்கினாலும் அந்தக் காட்டைத் தொட முடியாது. தடைகள், கணிப்புகள் எல்லாம் இருந்தும் இயற்கை சில வேளை எல்லையை மீறிவிடுகிறது. 1999 பிப்ரவரி 23 அன்று ஆஸ்திரியாவின் கால்ட்யூரில் பனிச்சரிவு பாதுகாப்பானதாகக் கருதப்பட்ட பகுதிக்குள் புகுந்து 31 பேரைக் கொன்றது. மறுநாள் அருகிலுள்ள வால்ட்சூரில் மேலும் 7 பேர் இறந்தார்கள்.

அண்மைக் காலத்தில் பனியைவிடப் பனியாறும் பாறையும்தான் அச்சுறுத்துகின்றன. மலையைப் பிடித்து வைத்திருந்த நிலத்தடி உறைபனி இளகுகிறது. சுவிஸ் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தம் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. 2025 மே 28 அன்று லோட்சன் பள்ளத்தாக்கில் மேலிருந்த பாறைச்சரிவின் சுமை தாங்காமல் பிர்ச் பனியாறு உடைந்து விழுந்து, ப்ளாட்டன் என்ற ஊரின் பெரும்பகுதியைப் புதைத்தது. மலையின் அசைவை அளந்துகொண்டிருந்ததால் ஒன்பது நாள் முன்னதாகவே ஏறத்தாழ 300 பேரையும் கால்நடைகளையும் வெளியேற்றிவிட்டார்கள். ஒருவர் மட்டும் உயிரிழந்தார். அந்த ஊரும் வாலே மாநிலத்தில்தான் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் நண்பர் எழுதிய பாசனத்துக்கு நீர் தரும் பனியாறுகள் இப்படிச் சுருங்கினால் அந்த வாய்க்கால்களின் கதி என்ன என்று உங்கள் மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மலையேறி

கேமரன் மலைபற்றி நான் எழுதுகிறேன். ஏறும்போது குளிர்வது இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒரே கணக்குதான்: நூறு மீட்டருக்குச் சராசரியாக 0.6 பாகை. அதற்கு மேல் ஒப்பிட்டால் ஒற்றுமையைவிட வேறுபாடே பாடத்துக்குப் பயன்படும். கேமரனில் குளிர்காலம் இல்லை. கொழுந்தை ஆண்டு முழுவதும் கிள்ளலாம், முட்டைக்கோசை மாற்றி மாற்றி நடலாம்; எனவே சேமித்து வைக்க வேண்டிய உலர்புல்லும் இல்லை, அதையொட்டி எழுந்த ஊர்விதிகளும் இல்லை. அங்கே தேயிலை 1929 வாக்கில் நிறுவனத் தோட்டமாகவே தொடங்கியது. காய்கறி விவசாயிகள் பலர் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில் நெடுங்காலம் பயிரிட்டு வந்தார்கள். அடுத்த ஆண்டு நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர் சரிவுக்கு வரப்புக் கட்டிச் செலவு செய்ய மாட்டார். கூலிம் அண்ணன் சொன்ன தாள் விவகாரம் இங்கேயும் வந்துவிடுகிறது. வேலையாள் வெளியிலிருந்து வருவது மட்டும் இரண்டுக்கும் பொது: கேமரனுக்கு வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து, ஆல்ப்ஸ் மேய்ச்சலுக்குச் செருமனி, போலந்து போன்ற நாடுகளிலிருந்து கோடைக்கு மட்டும்.

உயரத்தை ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை. ஆல்ப்ஸின் வெளிவிளிம்பில் மர எல்லை, அதாவது மரம் வளரக்கூடிய உயரம், 1,800 மீட்டரை ஒட்டி நின்றுவிடும். உட்பகுதியிலோ 2,200 மீட்டரைத் தாண்டியும் மரம் வளரும். பெரிய மலைத்திரளின் நடுவே வெப்பம் தங்குவதே காரணம். வாலேயில் செர்மாட் ஊருக்கு மேலே ஃபின்டெல்னில் 2,000 மீட்டருக்கு மேல்கூட ரை தானியம் விளைந்தது. ஆகவே "இந்த உயரத்தில் இது வளரும்" என்று ஒரே அட்டவணை போட்டுவிடாதீர்கள்.

பயிற்சிக்குத் தோர்பெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவிஸ் அரசின் நில அளவை அலுவலகமான சுவிஸ்டோப்போ 2021 முதல் தன் வரைபடத் தரவுகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 650 மீட்டரில் உள்ள விஸ்ப் நகரிலிருந்து, 1,500 மீட்டரில் உள்ள ஊர் வழியாக, 2,000 மீட்டரைத் தாண்டிய மோசால்ப் மேய்ச்சல் நிலம் வரை ஒரு குறுக்குவெட்டு வரையச் சொல்லுங்கள். சமவுயரக் கோடுகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன, காட்டின் பச்சை எங்கே முடிகிறது என்று குறித்தபின், ஜனவரி, மே, ஜூலை, அக்டோபர் மாதங்களில் மாடு எந்த உயரத்தில் நிற்கும் என்று கோட்டின்மேல் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மே மாதப் புள்ளியில்தான் வகுப்பில் வாக்குவாதம் வரும். ஊருக்கும் மேய்ச்சலுக்கும் இடையே, பனி உருகும் வேகத்தைப் பார்த்துச் சில வாரம் தங்கும் இடைநிலைக் குடில்கள் பல ஊர்களில் உண்டு என்பதை அதுவரை சொல்லாமல் வைத்திருங்கள்.